அத்தையின் நீல நோட்டும் பத்து கிலோ பச்சைப்பயறும்

எங்கள் வீட்டில் வருஷச் சாமான் வாங்குவது எப்போதும் அத்தையின் வேலை. மாசி பிறந்ததும் மதுரையில் மொத்தக் கடைகள் இருக்கும் கீழமாசி வீதிக்கு ஒரு நடை போய் விலை விசாரித்துவிட்டு வருவார். பங்குனி வெயில் ஏறும்போது மொட்டை மாடி முழுக்க மிளகாயும் மல்லியும் காயும். கல்யாணமாகி வந்த 12 வருஷத்தில் அந்த வேலையில் என் பங்கு, மாடிக்குக் காபி கொண்டுபோனதும், மழை தூறினால் ஓடிப்போய்ச் சாக்கைச் சுருட்டியதும்தான். 2024 ஜனவரியில் அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து, கோவையில் நாத்தனார் வீட்டுக்குப் போய்விட்டார். வீட்டுக்காரர் மஸ்கட்டில். மதுரை வீட்டில் மிச்சம் நான், மாமா, இரண்டு பிள்ளைகள், வேலைக்குப் போகும் கொழுந்தன். அந்த மார்ச்சில் நான் தனியாகப் போய் மொத்தமாகச் சாமான் வாங்கினேன். அதில் எவ்வளவு தொலைத்தேன், எங்கெங்கே தொலைத்தேன் என்று மறைக்காமல் எழுதுகிறேன். முதல் தடவையாக மூட்டைக் கணக்கில் வாங்கக் கிளம்பும் யாருக்காவது உதவும்.

அத்தையிடம் ஒரு நீல நோட்டு உண்டு. வருஷா வருஷம் என்ன வாங்கினார், என்ன விலை என்று பென்சிலில் எழுதியிருப்பார். அதில் நல்ல தெளிவாக இருந்த ஒரு பக்கத்தை அப்படியே பார்த்து எழுதிக்கொண்டேன். துவரம்பருப்பு 30, உளுந்து 20, பச்சைப்பயறு 10, புளி 15, இப்படி. அது 2016ஆம் வருஷப் பக்கம். அப்போது வீட்டில் மாமாவின் அம்மா இருந்தார், நாத்தனாருக்குக் கல்யாணமாகவில்லை, வீட்டுக்காரர் உள்ளூரில் வேலை பார்த்தார். எட்டு வாய். போதாததற்கு வாரம் ஒரு விருந்தாளி. இப்போது ஐந்து பேர், அதில் இரண்டு பேர் மதியம் வீட்டில் சாப்பிடுவதே இல்லை. இது எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு போன் போட்டு அத்தையைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், அவர் திரும்பி வரும்போது நிறைந்த ட்ரம்களைக் காட்டி, "எல்லாம் நானே பார்த்துட்டேன் அத்தை" என்று சொல்லும் ஆசை.

ரேஷனையும் மறந்தேன். எங்களுடையது அரிசி கார்டு. மாதம் அரிசி இலவசம், துவரம்பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய், பாமாயில் ஒரு லிட்டர் 25 ரூபாய், சர்க்கரையும் கிலோ 25 ரூபாய்தான். மாமா எந்த மாதமும் வரிசையில் நிற்கத் தவறமாட்டார். ரேஷன் அரிசி இட்லிக்குப் போகிறது, பருப்பு சாம்பாருக்குப் போகிறது. இவ்வளவும் வீட்டுக்கு வந்துகொண்டிருக்கும்போது நான் ஒன்றுமே வராத வீட்டுக்கு வாங்குவது போல லிஸ்ட் போட்டேன். இப்போது யார் என்னிடம் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்கிறேன். மொத்தமாக வாங்குவதற்கு முன்னால் இரண்டு மாதம் சும்மா அளந்து பாருங்கள். ஒரு பாக்கெட்டைப் பிரிக்கும் அன்று அதன் மேல் தேதி எழுதுங்கள், காலியாகும் அன்று இன்னொரு தேதி. நான் பிறகு இப்படி எழுதிப் பார்த்ததில், மாதம் 26 கிலோ சாப்பாட்டு அரிசி ஆகும் என்று நினைத்த வீட்டில் 17 கிலோதான் ஆனது. பச்சைப்பயறு மாதம் முக்கால் கிலோகூட இல்லை.

சரி, கடைக்கு வருகிறேன். கையில் 32,000 ரூபாய். கீழமாசி வீதியில் காலை பத்து மணிக்கே நடக்க இடம் இருக்காது. தலைச்சுமைக்காரர்கள் "ஓரம், ஓரம்" என்று கத்திக்கொண்டே ஓடுவார்கள், மிளகாய் நெடியில் எல்லோரும் தும்மிக்கொண்டிருப்பார்கள். அரிசி மூட்டை எல்லாக் கடையிலும் 26 கிலோ என்று போட்டிருந்தது. சிப்பம் என்றால் 25 கிலோதானே, ஒரு கிலோ இனாமா என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன். கடைக்காரர் சிரித்தார். 2022 ஜூலையில் இருந்து 25 கிலோ வரை உள்ள பாக்கெட் அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்துவிட்டது, அதற்கு மேல் எடை உள்ள மூட்டைக்கு இல்லை, அதனால் ஆலைக்காரர்கள் ஒரு கிலோ கூட்டிக் கட்டிவிட்டார்கள். இனாமும் இல்லை ஒன்றும் இல்லை. நீங்கள் கவனிக்க வேண்டியது, ஒரு கடையில் 25 கிலோ விலையும் இன்னொரு கடையில் 26 கிலோ விலையும் சொல்வார்கள். மூட்டை விலையை ஒப்பிடாமல் கிலோ விலைக்கு வகுத்துப் பாருங்கள். எனக்கு 26 கிலோ 1,500 ரூபாய். ஆறு மூட்டை எடுத்தேன். "பழைய அரிசிதானே அண்ணாச்சி?" என்று கேட்டேன். "ஒரு வருஷப் பழசுக்கா, உதிரி உதிரியா நிக்கும்" என்றார். கேட்டதோடு சரி, ஒரு கைப்பிடி வாங்கி வந்து வடித்துப் பார்க்கவில்லை.

எண்ணெயில் இன்னொரு விதமாக ஏமாந்தேன். அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது, டின் மேலேயே எழுதியிருந்தது. ஒரு கடையில் சன்ஃபிளவர் டின் 1,680, பக்கத்துக் கடையில் 1,600. பார்த்தால் இரண்டும் ஒரே அளவு டின், "15" என்று பெரிதாகப் போட்டிருந்தது. 80 ரூபாய் மிச்சம் என்று குறைந்த விலைக்கு வாங்கினேன். வீட்டுக்கு வந்தபிறகுதான் பார்த்தேன், முதல் கடையில் இருந்தது 15 கிலோ, நான் தூக்கி வந்தது 15 லிட்டர். ஒரு லிட்டர் எண்ணெய் 910 கிராம் அளவுக்குத்தான் நிற்கும். அப்படியென்றால் என் டின்னில் இருந்தது 13 கிலோ 650 கிராம். கிலோவுக்கு வகுத்தால் நான் 117 ரூபாய் கொடுத்திருக்கிறேன், அந்தக் கடையில் 112. 80 ரூபாய் லாபம் என்று நினைத்தது 70 ரூபாய் நஷ்டம். பெரிய தொகை இல்லை, ஆனால் ரொம்ப நாள் உறுத்தியது.

மொத்த பில் 29,955 ரூபாய். தூக்குக்கூலியும் குட்டியானை வாடகையும் 650. எங்கள் தெருமுனைக் கடை விலையோடு ஒப்பிட்டு நோட்டில் கணக்குப் போட்டேன், 2,800 ரூபாய் மிச்சம். அன்று ராத்திரி வீட்டுக்காரருக்கு வீடியோ காலில் மூட்டைகளைக் காட்டியபோது எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது. மூடி போட்ட பிளாஸ்டிக் ட்ரம் ஐந்து, ஒன்று 550 ரூபாய் என்று வாங்கி, பருப்பையும் பயறையும் அன்றைக்கே கொட்டி மூடிவிட்டேன். ட்ரம்மை ஸ்டோர் ரூமில் சுவரை ஒட்டித் தரையில் வைத்தேன். அரிசி மூட்டைகளையும் அப்படியே, ஒன்றின் மேல் ஒன்று. மாமா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

புளிக் கதை தனி. கொட்டை எடுத்த புளி கிலோ 150, கொட்டைப் புளி 90. அறுபது ரூபாய் வித்தியாசம். பதினைந்து கிலோ கொட்டைப் புளி வாங்கினேன். மூன்று மத்தியானம் உட்கார்ந்து, அரிவாள்மனையில் கீறிக் கீறிக் கொட்டை எடுத்தேன். விரல் நுனியெல்லாம் வெடித்து, சாம்பாருக்கு உப்பு அள்ளினாலே எரிந்தது. கொட்டை, நார், ஓடு எல்லாம் போக நின்றது 9 கிலோ 800 கிராம். 1,350 ரூபாயை அதற்கு வகுத்தால் கிலோ 138. அதாவது மூன்று மத்தியானத்துக்கு என் கூலி 120 ரூபாய். நாலு பெண்கள் சேர்ந்து உட்கார்ந்து கதை பேசிக்கொண்டே செய்யும் வீடு என்றால் செய்யலாம். தனி ஆள் வேண்டவே வேண்டாம். ஆனால் புளி கெட்டுப்போகவில்லை. கல் உப்பைத் தூவித் தூவி ஜாடியில் அடைத்தது இன்று வரை நன்றாக இருக்கிறது, நிறம் மட்டும் கறுத்துவிட்டது. பழகினவர்கள் அந்தக் கறுத்த புளியைத்தான் தேடுவார்கள்.

மிளகாய் 8 கிலோ, சம்பா. கடையில் தொட்டபோது வளைந்தது, ஒடியவில்லை. அதுதான் நல்லது, பிஞ்சு போகாமல் இருக்கிறது என்று நினைத்தேன். காய்ந்த மிளகாயைக் குலுக்கினால் உள்ளே விதை சலசலக்க வேண்டும், காம்பு பட்டென்று ஒடிய வேண்டும் என்று அத்தை பிறகு போனில் சொன்னார். வளைகிற மிளகாய் என்றால் மிளகாய் விலைக்குத் தண்ணீரையும் சேர்த்து வாங்குகிறோம் என்று அர்த்தம். மூன்று வெயில் காய்ந்தபிறகு 6 கிலோ 900 கிராம் நின்றது. ஒரு கிலோ நூறு கிராம் ஆவியாகப் போனது, 220 ரூபாய். காயவைக்காமல் விட்டிருந்தால் பூஞ்சை பிடித்து எட்டு கிலோவும் போயிருக்கும். மல்லியும் அப்படித்தான், ஆனால் அதில் எடை அவ்வளவு குறையவில்லை.

இனிமேல்தான் விஷயமே. மே மாதம், பள்ளி லீவு. சின்னவள் சுண்டல் கேட்டாள் என்று பச்சைப்பயறு ட்ரம்மைத் திறந்தேன். மூடியின் உள்பக்கம் பழுப்பு நிறத்தில் எள்ளு எள்ளாக ஏதோ ஒட்டியிருந்தது. விரலால் தொட்டதும் ஓடியது. கையை உள்ளே விட்டேன், வெதுவெதுப்பாக இருந்தது. அடுப்பில் இருந்து இறக்கிய பாத்திரத்தைச் சற்று ஆறிய பிறகு தொட்டால் இருக்குமே, அந்தச் சூடு. பயறுக்கு எங்கே இருந்து சூடு வரும் என்று புரியாமல் ஒரு கை அள்ளிப் பார்த்தால், ஒவ்வொரு பயறிலும் ஊசியால் குத்தியது போல வட்டமாக ஓட்டை. ஊதினால் மாவாகப் பறந்தது. கை முழுக்க ஊர்ந்தது. நான் கத்திய கத்தில் மாமா ஓடி வந்தார்.

இங்கே மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரிடையர் ஆகும் வரை நெல் கிடங்கில் வேலை பார்த்தவர். முப்பது வருஷம். ட்ரம்மில் கையை விட்டு, "வண்டு மூச்சு விடுதுல்ல, அந்தச் சூடுதான் தாயி" என்றார். மூட்டை சுடுகிறதா என்று கை வைத்துப் பார்த்தே கிடங்கில் கண்டுபிடிப்பார்களாம். பிறகு இரண்டு பயறை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். தோலின் மேல் வெள்ளையாகச் சின்னப் புள்ளி. அது முட்டை. வயலிலேயே, இல்லையென்றால் கடை மூட்டையிலேயே இட்டுவிட்டுப் போயிருக்கும். புழு நேராகப் பயறுக்குள் துளைத்துக்கொண்டு போய், உள்ளேயே தின்று வளர்ந்து, வண்டாக வெளியே வரும். நம் ஊர்ச் சூட்டில் ஒரு மாதத்துக்குள் ஒரு தலைமுறை முடிந்துவிடும். மார்ச்சில் வந்த பயறு மே மாதம் இப்படித்தான் இருக்கும். நான் காற்றுப் புகாமல் மூடினேனே என்றேன். எதிரியை உள்ளே வைத்துப் பூட்டினாய் என்றார். "அப்பவே சொல்லியிருக்கலாமே மாமா?" என்றதற்கு, "என்கிட்ட யாரு கேட்டா?" என்று சொல்லிவிட்டுத் திண்ணைக்குப் போய்விட்டார். அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. ஆனால் நியாயம்தான், நான் யாரையுமே கேட்கவில்லை.

பத்து கிலோவில் இரண்டரை கிலோதான் சமைத்திருந்தோம். ஏழரை கிலோ போனது. பக்கத்து ட்ரம்களிலேயே இருந்த துவரம்பருப்பும் உளுந்தும் தப்பின. உடைத்த பருப்பில் இந்தப் பயறு வண்டு பெரும்பாலும் பெருகாது. முழுதாக இருக்கும் பச்சைப்பயறு, தட்டப்பயறு, கொண்டைக்கடலை, மொச்சை இவைதான் அதற்குப் பிடித்த வீடு. நானும் உளுந்து உடைத்ததையும் தோல் நீக்கியதையும்தான் வாங்கியிருந்தேன், தெரிந்து வாங்கவில்லை, அதிர்ஷ்டம். முழுப் பயறு வாங்கினால் இப்போது நான் செய்வது இது: ஒரு கை எடுத்து வெளிச்சத்தில் வெள்ளைப் புள்ளி இருக்கிறதா என்று பார்ப்பேன். நல்ல வெயிலில் ஒரு நாள் முழுக்கக் காயவைத்து, ராத்திரி முழுக்க ஆறவிட்டு, மறுநாள் காலையில்தான் டப்பாவில் போடுவேன். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சை வந்துவிடும். கிலோவுக்கு ஒரு ஸ்பூன் விளக்கெண்ணெய் விட்டுப் பிசறி வைத்தால் வண்டு முட்டையிடுவது வெகுவாகக் குறைகிறது. ஒரு கிலோ, இரண்டு கிலோ என்றால் ஃப்ரீசரில் நாலு நாள் வைத்து எடுக்கிறேன். உள்ளே இருக்கும் முட்டையும் புழுவும் அதில் செத்துவிடும்.

அந்த வாரத்தில் நான் செய்யப் பார்த்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். உரக்கடையில் ஒருவர், "மாத்திரை ஒண்ணு தரேன், துணியில முடிஞ்சு மூட்டைக்குள்ள வைங்க, ஒரு பூச்சி இருக்காது" என்று ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்தார். அலுமினியம் பாஸ்பைடு. வீட்டுக்கு வந்து ஸ்டோர் ரூமில் பிரிக்கப் போனபோது மாமா பார்த்துவிட்டார். அவர் என்னிடம் சத்தம் போட்டது அந்த ஒரு தடவைதான். காற்றில் இருக்கும் ஈரம் பட்டாலே அதில் இருந்து பாஸ்பீன் என்ற விஷ வாயு வரும். கிடங்கில் அதைப் போடுவதற்குப் பயிற்சி பெற்ற ஆட்கள் வருவார்கள், தார்ப்பாய் போட்டு மண்ணால் ஓரம் அடைப்பார்கள், ஒரு வாரத்துக்கு அந்தப் பக்கம் யாரும் போகக்கூடாது. அந்த விஷத்துக்கு மாற்று மருந்தே கிடையாது. எங்கள் ஸ்டோர் ரூமுக்கும் பிள்ளைகள் படுக்கும் அறைக்கும் நடுவில் ஒரு பலகைக் கதவுதான். அதே வருஷம் நவம்பரில் சென்னைக்குப் பக்கத்தில் குன்றத்தூரில், எலி மருந்து வைத்த வீட்டில் தூங்கிய இரண்டு குழந்தைகள் இறந்துபோன செய்தியைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. யார் கொடுத்தாலும், எவ்வளவு சின்ன மாத்திரை என்றாலும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். அரிசியில் போரிக் பவுடர் கலக்கச் சொல்வார்கள், அதுவும் வேண்டாம். பத்து கிலோ பயறு போனால் ஆயிரம் ரூபாய் போகும், அவ்வளவுதானே.

அரிசிக்கு வருகிறேன். முதல் இரண்டு மூட்டை அண்ணாச்சி சொன்னது போல உதிரியாகவே நின்றது. ஜூன் நடுவில் மூன்றாவதைப் பிரித்தேன், சோறு குழைந்து பசை மாதிரி ஒட்டியது. தண்ணீரைக் குறைத்தேன், ஊறவைக்காமல் போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. அது புது அரிசி. தை அறுவடை நெல்லை அரைத்து அதே சாக்கில் கட்டி, பழசோடு சேர்த்துத் தள்ளிவிட்டிருக்கிறார்கள். எடுத்துக்கொண்டு போனேன். மூன்று மாதம் கழித்து வந்து கேட்டால் எப்படி அக்கா என்றார். அதுவும் சரிதான், வாங்கிய வாரத்திலேயே எல்லா மூட்டையிலும் ஒரு ஓரத்தைப் பிரித்து அரை ஆழாக்கு எடுத்து வடித்துப் பார்த்திருந்தால் சண்டை போட எனக்கு வாய் இருந்திருக்கும். அந்த மூட்டையை ஒதுக்கிவைத்தேன். வேடிக்கை என்னவென்றால், நவம்பரில் மறுபடி பிரித்தபோது அதுவே பழைய அரிசியாகிவிட்டிருந்தது, சோறு உதிரியாக நின்றது. பூச்சி இல்லாமல் காப்பாற்ற முடிந்தால் புது அரிசியை மலிவாக வாங்கி வீட்டிலேயே பழசாக்கலாம் போல.

காப்பாற்ற முடிந்தால். ஐந்தாவது மூட்டையில் அரிசி வண்டு. ஆகஸ்ட் மாதம், சாக்குக்கு வெளியே சுவரில் ஏறிக்கொண்டிருந்தது. மிளகாய்க்குச் செய்தது போலவே மாடியில் உச்சி வெயிலில் பரப்பினேன். வண்டு ஓடியது உண்மை, நாலடி தள்ளிப் போய் நிழலில் நின்றுகொண்டது. சாயங்காலம் அரிசியை அள்ளினால் பாதிக்குப் பாதி கீறல் விட்டு நொறுங்கிப்போயிருந்தது. வடித்தால் கஞ்சி. அரிசியைக் கடும் வெயிலில் போடக்கூடாது, நிழலில் விரித்துச் சலித்துப் புடைக்க வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது. அந்த மூட்டை பால்காரர் வீட்டு மாட்டுக்குப் போனது. மாமா அன்றைக்கே இரண்டு பழைய கட்டில் பலகையைச் செங்கல் மேல் போட்டு, மிச்ச மூட்டைகளைச் சுவரில் இருந்து ஒரு முழம் தள்ளி அடுக்கினார். தரையிலும் சுவரிலும் ஈரம் இருக்கும், சாக்கு அதைக் குடிக்கும், ஈரமான அரிசிக்கு வண்டு தேடி வரும். கிடங்கில் இதற்காகத்தான் மரச்சட்டம் போடுகிறார்கள். முதலில் வந்ததை முதலில் எடு, பழைய மிச்சத்தின் மேல் புதியதைக் கொட்டாதே, இதுவும் அவர் சொன்னது. பழைய டப்பாவின் மூலையில் ஒரு வண்டு இருந்தாலும் புதிய சாமான் முழுக்க அதன் பிள்ளைகளுக்குச் சீதனம்.

நிலக்கடலையில் ஆறு கிலோ பூஞ்சை. மழை ஆரம்பித்ததும் சாக்கின் அடியில் பச்சையாகப் பிடித்திருந்தது. பொறுக்கி எடுத்துவிட்டு மிச்சத்தை வறுத்துவிடலாம் என்று கை வந்தது. ஆனால் கடலைப் பூஞ்சையின் அஃப்ளடாக்சின் ஈரலைக் கெடுக்கும், வறுத்தாலும் வேகவைத்தாலும் போகாது. கோழிக்குக்கூடப் போடாமல் குப்பையில் கொட்டினேன். ரவை பத்து கிலோ வாங்கியது சுத்தப் பைத்தியக்காரத்தனம், கூடு கட்டி நூல் நூலாகத் தொங்கியது. மாவு, ரவை, மைதா இவற்றை ஒரு மாதத்துக்கு மேல் யாரும் வாங்காதீர்கள். இருபது ரூபாய் மிச்சத்துக்கு இந்தத் தலைவலி ஆகாது.

மனசு ரொம்ப வலித்தது நல்லெண்ணெய்க்குத்தான். செக்கெண்ணெய், 15 கிலோ டின், 4,800 ரூபாய். ஆணியால் இரண்டு ஓட்டை போட்டு, துணியைச் சுருட்டி அடைத்து, அடுப்படியிலேயே வைத்துக்கொண்டேன். எடுப்பதற்கு வசதி. நாலைந்து மாதத்தில் மூடியைத் திறந்தாலே காறல் வாடை. தோசை சுட்டால் பிள்ளைகள் தட்டைத் தள்ளினார்கள். அப்போது டின்னில் ஐந்து கிலோ மிச்சம். எண்ணெய் டின்னைப் பிரித்தால் அன்றைக்கே கழுத்து வரை நிரப்பிய பாட்டில்களில், சொட்டுத் தண்ணீர் இல்லாமல் துடைத்து, மாற்றிவிட வேண்டும். இருட்டான, சூடில்லாத இடத்தில் வைக்க வேண்டும். காற்றும் சூடும்தான் எண்ணெயைக் கெடுப்பது. இதெல்லாம் அத்தை செய்துகொண்டிருந்ததுதான். அந்தப் பழைய கண்ணாடி பாட்டில்களை ஏன் பரணில் சேர்த்துவைத்திருக்கிறார் என்று நான் எத்தனை தடவை சலித்துக்கொண்டிருக்கிறேன்!

டிசம்பரில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். பயறு 790, ரவை 315, அரிசி 1,500, கடலை 660, நல்லெண்ணெய் 1,600, மிளகாய்த் தண்ணீர் 220, சன்ஃபிளவர் 70. மொத்தம் 5,155. மிச்சம் பிடித்ததாக நினைத்த 2,800ஐக் கழித்து, வண்டிக்கூலி 650ஐச் சேர்த்தால் 3,005 ரூபாய் கையில் இருந்து போயிருக்கிறது. ட்ரம் வாங்கிய 2,750ஐ இதில் சேர்க்கவில்லை, அவை இன்னும் உபயோகத்தில் இருக்கின்றன. துவரம்பருப்பில் மட்டும் பழுதில்லை. நான் வாங்கியபிறகு விலை ஏறியதால் முந்நூறு நானூறு ரூபாய் லாபம் என்றே சொல்லலாம். ஆனால் அதை நம்பி ஏறும் ஏறும் என்று வாங்கி அடுக்கக்கூடாது. 2025இல் துவரம்பருப்பு நன்றாகவே இறங்கிவிட்டது. முந்தைய வருஷக் கடைசியில் பதுக்கிவைத்த என் சித்தி இன்னும் புலம்பிக்கொண்டிருக்கிறார்.

அத்தையிடம் கணக்கைச் சொல்ல ஒரு வாரம் ஆனது எனக்கு. போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எத்தனை வெயில் காட்டுனே?" என்றார். "மிளகாய்க்கு மூணு அத்தை." "பயறுக்கு?" நான் பதில் சொல்லவில்லை. நோட்டில் அது எழுதியில்லையே அத்தை என்றேன். "அதையெல்லாமா எழுதுவாங்க?" என்று சிரித்தார். அந்த நோட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். வாங்கியது இருக்கிறது, விலை இருக்கிறது. எத்தனை பேர் சாப்பிட்டார்கள், எத்தனை நாள் காய்ந்தது, எதை எப்போது பிரித்தார், என்ன பூச்சி வந்தது, ஒன்றும் இல்லை. அவை அவர் கையிலேயே இருந்ததால் எழுதத் தேவைப்படவில்லை.

2025 மார்ச்சில் மறுபடி போனேன். இந்த முறை மிளகாய், மல்லி, புளி, இந்த மூன்று மட்டும்தான் வருஷத்துக்கு. மூன்றும் மாசி பங்குனியில்தான் புதிதாக வரும், காயவைத்துவிட்டால் நிற்கும். துவரம்பருப்பும் உளுந்தும் மூன்று மாதத்துக்கு. அரிசி இரண்டு மூட்டை, அதுவும் முதல் நாள் கால் கிலோ வாங்கி வடித்துப் பார்த்த பிறகு. முழுப் பயறு எல்லாம் மாதத்துக்கு ஒரு கிலோ, தெருமுனைக் கடையில். எண்ணெய் டின்னை எதிர்வீட்டு அக்காவும் மாடி வீட்டுக்காரர்களும் நானும் மூன்றாகப் பிரித்துக்கொண்டோம், பிரிப்பதற்கு என் வீட்டுத் தராசு. மூட்டை விலையும் கிடைக்கிறது, மூட்டையைக் கட்டி அழவும் வேண்டியதில்லை. அண்ணாச்சி பில் போட்டுவிட்டு, "இவ்வளவுதானா அக்கா, போன தடவ வண்டி வச்சு ஏத்துனீங்களே" என்றார். மிளகாயைக் குலுக்கிக் காதருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்ததால் நான் உடனே பதில் சொல்லவில்லை.

காறிப்போன நல்லெண்ணெயைக் கொட்ட மனசு வரவில்லை. 2024 கார்த்திகைக்கு எங்கள் தெருவில் எல்லோர் வாசலிலும் பத்துப் பன்னிரண்டு விளக்கு, எங்கள் வீட்டில் மட்டும் படிக்கட்டு, திண்ணை, மொட்டை மாடிச் சுவர் என்று 108. பார்த்தவர்கள் எல்லாம் வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருந்து வந்துவிட்டாரா என்று கேட்டார்கள். ஆமாம் இல்லை என்று ஒன்றும் சொல்லாமல் சிரித்துவைத்தேன். இன்னும் ஒரு பாட்டில் பூஜை அலமாரியில் இருக்கிறது.